கவுண்டரில் சின்னப் பையன், காரில் பெரிய பையன்

சித்தூர் ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுண்டர் முன்னால் ஒரு சிறு நாடகம் அடிக்கடி நடப்பதுண்டு.

"காட்பாடிக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க, சார்" என்று ஒரு தாய் பணத்தை நீட்டுவார். கவுண்டரில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். அந்த அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்பான்.

"பையனுக்கு என்ன வயசும்மா?"

"இன்னும் அஞ்சு முடியலை, சார். வளர்த்தி கொஞ்சம் ஜாஸ்தி."

பையன் வாயைத் திறந்து, "நான் ரெண்டாவது படிக்கிறேன்" என்று சொல்லப் போவான். அதற்குள் தாயின் கை அவன் தோளில் விழும். பையன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்பான். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதோடு நாடகம் முடிந்துவிடும்.

ரயில்வேயின் கணக்கு வயதுக் கணக்கு. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். 2016 ஏப்ரல் 21 முதல், ரிசர்வேஷனில் தனி பெர்த் கேட்டால் மட்டும் முழுக் கட்டணம். ஆகவே கவுண்டரை நெருங்கும்போது எத்தனையோ குழந்தைகளுக்கு ஓரிரு வயது குறைந்துவிடுகிறது. அரை டிக்கெட்டுக்காகக் கொஞ்சம் குனிவதில் யாருக்கும் எலும்பு முறிவதில்லை.

அதே பையன் அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் ஒரு வாடகைக் காரில் ஏறுகிறான். சித்தூரிலிருந்து திருப்பதி, அங்கிருந்து திருமலை. பின் ஸீட்டில் பாட்டி, அத்தை, அம்மா, அம்மாவின் மடியில் தங்கை. இடமில்லை. அப்போது அப்பா சொல்கிறார்: "அவன் பெரியவனாயிட்டான். முன்னால என்னோட உக்காரட்டும்." பையனுக்குச் சந்தோஷம். கவுண்டரில் நாலே முக்கால் வயதாக இருந்தவன், காரில் ஒரே வாரத்தில் பெரிய மனிதனாகிவிட்டான்.

குழந்தை எப்போது பெரியவனாகிறான் என்பது வெறும் விளையாட்டுக் கேள்வி அல்ல. மோட்டார் காரில் அது உயிரைப் பொறுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது அப்பாவின் பெருமையும் அல்ல, பின் ஸீட்டில் இடம் போதாமையும் அல்ல. அந்தக் குழந்தையின் உடம்புதான் விடை சொல்ல வேண்டும்.

கார் வந்தது, பழக்கம் வரவில்லை

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கார் என்பது ஒரு தலைமுறைக்கு முன்னால் முதலாளி வீட்டுச் சமாச்சாரம். மாம்பழக்கூழ் ஃபாக்டரித் தொழிலாளியும், கடைக் கணக்கப்பிள்ளையும், ரயில்வே குமாஸ்தாவும் பஸ்ஸையும் பாஸஞ்சர் ரயிலையும் நம்பித்தான் காட்பாடிக்கும் திருத்தணிக்கும் போய்வந்தார்கள். இன்று நிலைமை மாறியிருக்கிறது. இரண்டாம் கையாக ஒரு மாருதியை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்காதவர்களும் கல்யாணம், காதுகுத்து, காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில், வேலூர் ஆஸ்பத்திரி என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வாடகைக் காரில் ஏறுகிறார்கள்.

கார் வந்துவிட்டது. காரில் உட்காரும் பழக்கம் மட்டும் வரவில்லை. பஸ்ஸில் உட்காருவதுபோலவே காரிலும் உட்காருகிறோம். கைக்குழந்தை மடியில். பள்ளிக்கூடத்துப் பையன் இரண்டு முன் ஸீட்டுகளுக்கும் நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான். சீட் பெல்ட் என்பது போலீஸ்காரரைக் கண்டால் டிரைவர் இழுத்துப் போட்டுக்கொள்ளும் வார். பின் ஸீட்டிலும் பெல்ட் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. புதிதாக ஸீட் கவர் தைத்துப் போடும்போது பெல்ட்டின் கொக்கி அடியில் போய்விடுகிறது. பிறகு அதை யாரும் தேடுவதில்லை.

பின் ஸீட் பத்திரமானது, பெல்ட் தேவையில்லை என்ற எண்ணம் எவ்வளவு தப்பு என்பதை 2022 செப்டம்பர் 4-ந் தேதி நாடே பார்த்தது. டாட்டா நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த கார்; அவர் இருந்தது பின் ஸீட்டில்; பெல்ட் போட்டிருக்கவில்லை. பெரிய மனிதருக்கே அந்தக் கதி என்றால், ஸீட்டில் கால்கூட எட்டாத குழந்தையின் கதி என்ன?

மடி பாதுகாப்பா?

"தாய் மடியைவிடப் பாதுகாப்பு எது?" என்று பாட்டிமார் கேட்பார்கள். வீட்டுத் திண்ணையில் அது நியாயமான கேள்வி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில் அந்த நியாயம் செல்லாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு மரத்திலோ லாரியிலோ மோதி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேலான வலுவோடு முன்னால் பாயும். 15 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால், 180 கிலோவுக்கு மேலான பாரத்தைத் தாங்கும் பலம் தாயின் கைகளுக்கு வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டைகள் ஏழு ஒன்றாக வந்து விழுவதற்குச் சமம். எந்தத் தாயாலும் முடியாது. பாசத்தில் குறை இல்லை. கையின் பலம் அவ்வளவுதான். தாயும் பெல்ட் போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தாயின் எடையும் சேர்ந்து குழந்தையை முன் ஸீட்டோடு வைத்து நசுக்கிவிடும்.

சரி, பெல்ட் போட்டால் போதுமே, அதற்குமேல் தனி ஸீட் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பெரியவர் சட்டை, சிறியவர் உடம்பு

இப்போது கார்களில் உள்ள மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-ல் ஸ்வீடன் நாட்டு வோல்வோ கம்பெனியின் என்ஜினீயர் நீல்ஸ் போலின் உருவாக்கினார். உலகத்தில் எத்தனையோ லட்சம் உயிர்களைக் காத்த பெல்ட் அது. ஆனால் அது வளர்ந்தவர்களின் உடம்புக்கு அளவெடுத்த பெல்ட். ஒரு பட்டை இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். இன்னொன்று தோளெலும்பின்மேலும் நெஞ்சின் நடுவிலும் படிய வேண்டும். மோதலின் வேகத்தைத் தாங்கக்கூடியவை உடம்பில் இந்த உறுதியான எலும்புகள்தான்.

ஆறு வயதுக் குழந்தைக்கு அதைப் போட்டால் என்ன ஆகிறது? தொடை குட்டையாக இருப்பதால், முதுகை ஸீட்டில் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் ஸீட்டின் விளிம்புக்கு வராது. கால் குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கும். அது வலிக்கும். ஆகவே குழந்தை முன்னால் சரிந்து உட்காருகிறது. சரிந்ததும் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடுகிறது. மேலும் அந்தப் பட்டையை இடுப்பிலேயே பிடித்து நிறுத்தும் எலும்பு முனை சுமார் பத்து வயதுவரை குழந்தைகளுக்குச் சரியாக உருவாகியிருக்காது. மோதல் நேர்ந்தால் பட்டை மெத்தென்ற வயிற்றுக்குள் இறங்கும். குடல், ஈரல், முதுகெலும்பு எல்லாம் சேதமாகும். டாக்டர்கள் இதை 1960-களிலேயே கண்டு, இதற்கு சீட் பெல்ட் சிண்ட்ரோம் என்று தனிப் பெயரே வைத்தார்கள்.

தோள் பட்டையும் அப்படியே. அது குழந்தையின் கழுத்தில் உரசும். எரிச்சல் தாங்காமல் குழந்தை அதை அக்குளுக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடும். பார்ப்பவருக்குப் பெல்ட் போட்டிருப்பதுபோல் தெரியும். உண்மையில் மேல் உடம்புக்குக் காவல் இல்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பூஸ்டர் ஸீட். ஒன்றும் பெரிய மந்திரம் அல்ல. குழந்தையைச் சில அங்குலம் உயர்த்தி உட்காரவைக்கும் உறுதியான மணை, அவ்வளவுதான். உயரம் கூடியதும் பெரியவர்களின் பெல்ட் குழந்தையின் இடுப்பிலும் தோளிலும் சரியாக வந்து விழுகிறது. மணையின் இருபக்கமும் உள்ள கொக்கி போன்ற பிடிப்பு இடுப்புப் பட்டையை மேலே ஏறவிடாமல் கீழே நிறுத்துகிறது. சலூனில் சின்னப் பையனுக்கு முடி வெட்ட நாற்காலிக் கைகளின்மேல் ஒரு பலகையைக் குறுக்கே போடுவார்களே, அதே யோசனைதான்.

தலையணையை மடித்துப் போட்டால் ஆகாதா என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். ஆகாது. மோதும்போது தலையணை நசுங்கும், வழுக்கும். குழந்தை பெல்ட்டுக்கு அடியில் நழுவிவிடும். அது உதவியாக இல்லாமல் உபத்திரவமாக முடியும்.

எப்போது விடலாம்?

பூஸ்டர் ஸீட்டுக்குப் போகும் வயதே நான்கு வாக்கில்தான். அதற்கு முன்னால் குழந்தைக்குத் தோளிலும் இடுப்பிலும் தன் சொந்த வார்கள் உள்ள தனி ஸீட் வேண்டும். கைக்குழந்தைக்கு அது காரின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இங்கே பேச்சு அதற்குப் பிந்திய பருவத்தைப் பற்றி. நான்கு வயதில் பூஸ்டரில் ஏறிய குழந்தை எப்போது அதை விட்டு இறங்கலாம்?

பிரிட்டனில் 2006 முதல் உள்ள சட்டம், 12 வயது அல்லது 135 செண்டிமீட்டர் உயரம், எது முன்னால் வருகிறதோ அதுவரை என்கிறது. ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செண்டிமீட்டர். அமெரிக்காவில் குழந்தை வைத்தியர்கள் நாலடி ஒன்பது அங்குலம், அதாவது சுமார் 145 செண்டிமீட்டர் என்று சொல்கிறார்கள். அந்த உயரம் எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் வரும் என்பது அவர்கள் கணக்கு. நாட்டுக்கு நாடு எண் வேறு. ஆனால் எல்லோரும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள்: வயதைவிட உயரம்தான் முக்கியம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவுப்படி, 14 வயது நிரம்பாத குழந்தை சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான காப்பு ஸீட்டாலோ பிணைக்கப்படாமல் காரில் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். நல்ல சட்டம். ஆனால் 'சீட் பெல்ட்டாலோ, காப்பு ஸீட்டாலோ' என்று இரண்டுக்கும் நடுவே நிற்கும் அந்த 'ஓ'காரம்தான் இடறுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரியவர் பெல்ட்டைக் கழுத்தில் உரசும்படி மாட்டிவிட்டாலும் சட்டம் திருப்தியடைந்துவிடும். குழந்தையின் குடலுக்கு அந்தத் திருப்தி போதாது. எவ்வளவு உயரத்துக்குக் கீழே எந்த ஸீட் என்று நம் சட்டம் விளக்கவில்லை. அந்தப் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுகிறது.

அந்தப் பொறுப்பை நிறைவேற்ற டேப்பும் தராசும் வேண்டாம். நின்றிருக்கும் காரில் பின் ஸீட்டில் குழந்தையைப் பூஸ்டர் இல்லாமல் உட்காரவைத்து ஐந்து விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, முதுகு முழுவதும் ஸீட்டின் சாய்மானத்தில் படிகிறதா? இரண்டாவது, அப்படிச் சாய்ந்திருக்கும்போது முழங்கால் ஸீட்டின் விளிம்பில் மடிந்து கால் தொங்குகிறதா? மூன்றாவது, இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் தொடையின் மேல்பகுதியைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறதா? நான்காவது, தோள் பட்டை கழுத்தில் உரசாமல், தோளைவிட்டு நழுவாமல், நெஞ்சின் நடுவே வருகிறதா? ஐந்தாவது, சித்தூரிலிருந்து திருப்பதிவரை நெளியாமல், சரியாமல், தூங்கி விழாமல் இதே மாதிரி உட்கார்ந்திருப்பானா?

ஐந்துக்கும் 'ஆம்' என்றால் பூஸ்டரை எடுத்துத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் இன்னும் காலம் இருக்கிறது. கார் மாறினால் பரீட்சையையும் மறுபடி வைக்க வேண்டும். ஒரு காரில் தேறிய குழந்தை ஸீட் ஆழமாக உள்ள இன்னொரு காரில் தேறாமல் போகலாம்.

ஐந்தாவது கேள்வியில்தான் பலர் தோற்கிறார்கள். உயரம் வந்திருக்கும், அடக்கம் வந்திருக்காது. சந்திரகிரிக் கோட்டை வந்ததும் எழுந்து நின்று பார்ப்பான். பாகாலா தாண்டியதும் தூக்கத்தில் பக்கவாட்டில் சாய்வான். அவனைப் பெரியவன் என்று சொல்ல இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அநேக வீடுகளில் வாசற்கால் நிலையில் குழந்தையை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு வைப்பது உண்டு. அந்த நிலையிலேயே 135 செண்டிமீட்டரில் ஒரு கோடும் 145-ல் ஒரு கோடும் போட்டு வைக்கலாம். கீழ்க்கோட்டைத் தாண்டும்வரை பூஸ்டர் விஷயத்தில் பேச்சே இல்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கும்போது ஐந்து கேள்விப் பரீட்சை. மேல்கோட்டைத் தொட்ட பிறகு பெரும்பாலும் கவலை இல்லை. நம் குழந்தைகளில் பலர் பத்து, பன்னிரண்டு வயதில்தான் அந்தக் கோடுகளை எட்டுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பூஸ்டரா என்று சிரிப்பவர்கள் அந்தப் பையனின் முழங்கால் எங்கே மடிகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

முன் ஸீட் கௌரவம்

பூஸ்டரை விட்டு இறங்கியதும் முன் ஸீட்டில் ஏறலாம் என்று அர்த்தம் அல்ல. பன்னிரண்டு வயது முடியும்வரை குழந்தைகளின் இடம் பின் ஸீட்தான் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். காரணம் ஏர்பேக். 2021 முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. மோதியதும் கண் இமைப்பதற்குள் பெரும் வேகத்தில் வெடித்து விரியும் பை அது. பெல்ட் போட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் காக்கும். மடியிலோ, ஸீட் நுனியிலோ இருக்கும் குழந்தையின் முகத்திலும் நெஞ்சிலும் அதுவே அடியாக விழும்.

இது வெளிநாட்டுக் கதை அல்ல. 2024 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் முன் ஸீட்டில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை ஏர்பேக் விரிந்ததில் இறந்தது. 2025 ஜூலையில் செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே முன் ஸீட்டில் தந்தையின் மடியில் இருந்த ஏழு வயதுச் சிறுவனும் அதேபோல் இறந்தான். இரண்டு குடும்பங்களும் குழந்தைக்கு நல்ல இடம் என்று நினைத்துத்தான் முன்னால் உட்காரவைத்திருப்பார்கள். அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்வதற்காக இது எழுதப்படவில்லை. இந்தப் பக்கத்திலும் ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் நூறு கார்களில் அதையே செய்துகொண்டிருக்கிறார்கள்.

மலப்புரம் சம்பவத்துக்குப் பிறகு, 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர் ஒரு அறிவிப்புச் செய்தார். நான்கு வயதுவரை காப்பு ஸீட். நான்கு முதல் பதினான்கு வயதுக்குள் 135 செண்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குப் பின் ஸீட்டில் பூஸ்டர். டிசம்பர் முதல் அபராதம். மக்கள் முணுமுணுத்தார்கள். சில தினங்களிலேயே மாநிலப் போக்குவரத்து அமைச்சர், அபராதம் இப்போது இல்லை, விழிப்புணர்ச்சி மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்.

அமைச்சர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. கடையில் எளிதில் கிடைக்காத, டாக்ஸிகளில் இல்லாத ஒரு பொருளுக்கு ஏழையிடம் அபராதம் வாங்குவது சரியல்ல. ஆனால் அபராதத்தைத் தள்ளிவைத்ததோடு விஷயத்தையும் மறந்துவிட்டால், அடுத்த சாவுக்காகக் காத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

செலவுக்கு என்ன வழி?

செலவு உண்மையான கஷ்டம். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதில் பூஸ்டர் வாங்கு என்று சொல்வது சுலபம். ஆனாலும் இரண்டை யோசிக்க வேண்டும். சாய்மானம் இல்லாத, வெறும் மணை மாதிரியான பூஸ்டர், கைக்குழந்தை ஸீட்டைவிட விலை மிகவும் குறைவு. அத்துடன் அது ஒரு வருஷப் பொருள் அல்ல. ஆறேழு வருஷம் உழைக்கும், அடுத்த குழந்தைக்கும் ஆகும். கையில் தூக்கிக்கொண்டு எந்த வாடகைக் காரிலும் ஏறலாம். ஒரு தெருவில் நாலு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு, யார் ஊருக்குப் போகிறார்களோ அவர்கள் எடுத்துப் போனால் என்ன? கல்யாணத்துக்குப் பாத்திரங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஜனங்களுக்கு இது புதிது அல்ல.

மணை மாதிரியான பூஸ்டர் கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்குத்தான் பொருத்தம். ஐரோப்பாவில் 2017 முதல் புதிதாக வரும் அவ்வகை ஸீட்டுகளை 125 செண்டிமீட்டருக்கு மேல், 22 கிலோவுக்கு மேல் உள்ள குழந்தைகளுக்குத்தான் அனுமதிக்கிறார்கள். அதைவிடச் சின்னக் குழந்தைக்குச் சாய்மானம் உள்ளதே நல்லது. வாங்கும்போது ஏ.ஐ.எஸ். 072 என்ற இந்தியத் தரக் குறியோ, ஐக்கிய நாடுகள் விதியின் ஆர். 129 குறியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விபத்துக்கு உள்ளான பழைய ஸீட் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. இடுப்புக்கு மட்டும் பட்டை உள்ள நடு இடத்தில் பூஸ்டரைப் போடவும் கூடாது. தோள் பட்டையும் சேர்ந்த பக்கத்து இடமே அதற்கு உரியது.

எதுவுமே வாங்க முடியாதவர்களும் நாலு காரியங்களைக் காசு செலவில்லாமல் செய்யலாம். ஸீட் கவருக்கு அடியில் புதைந்த பெல்ட் கொக்கியை வெளியே எடுப்பது. முன் ஸீட்டில் குழந்தையை வைக்காமலிருப்பது. ஒரு காரில் ஏழெட்டுப் பேரை அடைக்காமல், மிஞ்சியவர்களைப் பஸ்ஸிலோ ரயிலிலோ அனுப்புவது. பூஸ்டர் இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பின் ஸீட்டில் பெல்ட் போட்டு, இடுப்புப் பட்டையைத் தொடைவரை கீழே இழுத்துவிடுவது. அரைகுறைப் பெல்ட்டானாலும் பெல்ட்டே இல்லாததைவிட மேல்.

காரே இல்லை, மோட்டார் சைக்கிள்தான் என்பவர்களும் இந்த ஜாக்கிரதைக்கு வெளியே இல்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பது சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் வாரும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வெளியிட்டது. பெட்ரோல் டாங்கின்மேல் குழந்தையை உட்காரவைத்து, ஹேண்டில் பாரைப் பிடிக்கச் சொல்லிப் போகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

அலிபிரியில் ஒரு நிமிஷம்

திருமலைக்கு இரண்டு மலைப் பாதைகள். 1944-ல் வந்த பழைய பாதையில் இறங்குகிறோம். 1974-ல் வந்த புதுப் பாதையில் ஏறுகிறோம். இரண்டிலும் வளைவுக்கு வளைவு பெரியவர்களே ஒருவர்மேல் ஒருவர் சாய்வதைப் பார்க்கலாம். அடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடியில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்துகிறார்கள். டிக்கியைத் திறந்து பார்க்கிறார்கள். மதுவோ, சிகரெட்டோ, மாமிசமோ மலைக்குப் போகக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. ஜனங்களும் மனம் கோணாமல் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த நிறுத்தத்திலேயே இன்னும் ஒரு நிமிஷம் செலவிட்டு, முன் ஸீட்டில் மடியில் குழந்தை இருந்தால் பின்னால் மாற்றி உட்காரச் சொன்னால் என்ன? அபராதம் வேண்டாம், வழக்கு வேண்டாம். ஒரு வார்த்தை போதும். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேரும் இடம் அது. அங்கே கற்ற பழக்கம் திரும்பிப் போகும்போது ஊருக்கு ஊர் போய்ச் சேரும். திருப்பதி, ரேணிகுண்டா ரயில் நிலையங்களில் நிற்கும் டாக்ஸிக்காரர்களின் சங்கங்களும் பத்துக் காருக்கு இரண்டு பூஸ்டர் வீதம் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். கைக்குழந்தையோடு ரயிலை விட்டு இறங்கும் பிரயாணி எந்த டாக்ஸியைத் தேடிப் போவார் என்பதை அவர்களே யோசித்துக்கொள்ளலாம்.

"பெருமாளை நம்பிப் போகிறோம், அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையில் யாரும் குறுக்கிட வேண்டாம். ஆனால் அதே பக்தர், உண்டியலில் போடும் பணத்தை இடுப்பில் இறுக்க முடிந்துகொண்டுதான் போகிறார். பணத்துக்கு உள்ள முடிச்சு பிள்ளைக்கும் இருக்கட்டும்.

டிக்கெட் கவுண்டரில் வயதைக் குறைத்துச் சொன்னால் ரயில்வேக்கு அரை டிக்கெட் நஷ்டம். பிடிபட்டால் அபராதத்தோடு சரியாகிவிடும். காரில் குழந்தையின் அளவைக் கூட்டிச் சொன்னால் வரும் நஷ்டத்துக்கு அபராதம் கட்டித் தீர்க்க வழியில்லை. கவுண்டரில் ஒரு வயது குறைத்துச் சொல்லும் தாய்மார்கள், காரிலும் அப்படியே சொல்லட்டும்: "இன்னும் சின்னப் பையன்தான், பின்னாலேயே உக்காரட்டும்." அந்த இடத்தில் அந்தப் பொய்க்கு யாரும் கோபிக்கமாட்டார்கள். பெரும்பாலும் அது பொய்யாகவும் இருக்காது.